வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் போனால் நிம்மதி கிடைக்குமா?

நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வயது 40ஐத் தொடுகிறது, பழைய மகாபலிபுரம் சாலையில் ஐடி வேலை, வீட்டுக்கும் காருக்கும் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது, ஜனவரி புத்தகக் காட்சியில் பை பையாக வாங்கிய புத்தகங்கள் அலமாரியில் பிரிக்காமலே கிடக்கின்றன, எதிலும் மனம் ஒட்டவில்லை. ஃபிளாட்டை விற்றுவிட்டுத் திருவண்ணாமலைப் பக்கம் 2 ஏக்கர் வாங்கி, கொஞ்சம் காய்கறி போட்டு, மரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் நிம்மதி வருமா என்று கேட்கிறீர்கள்.

நிலம் வாங்குவதால் வராது. ஆனால் அந்த நிலத்திடமிருந்து நீங்கள் எதிர்பார்க்கிற மூன்றும், அதாவது செலவு குறைந்த வாழ்க்கை, நிதானமான வாசிப்பு, கண்ணுக்குக் கொஞ்சம் பச்சை, இப்போது குடியிருக்கிற அதே வீட்டிலிருந்தே கிடைக்கும், அங்கே போய்த் தேடுவதைவிடச் சீக்கிரமாகவே கிடைக்கும். நான் வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். வீட்டுக்கடன் மனுவும் பார்த்திருக்கிறேன், பம்ப்செட் கடன் மனுவும் பார்த்திருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் கணக்குப்பிள்ளை வாடையோடுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 2 ஏக்கரைப் பேசிவிடலாம், உங்கள் கேள்வியிலேயே பெரிய தொகை அதுதான். நிலம் வாங்குவதோடு செலவு முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. போர்வெல் போட வேண்டும், முதல் இடத்தில் தண்ணீர் வராவிட்டால் இரண்டாவது போட வேண்டும். விவசாயத்துக்கான இலவச மின் இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேலி போடாவிட்டால் மாடு, போட்டாலும் மயில், காட்டை ஒட்டிய பக்கம் என்றால் காட்டுப்பன்றி. நீங்கள் நினைக்கிற ‘கொஞ்சம் காய்கறி’யில் கத்தரி இல்லாமல் இருக்காது. அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று நிமிர்ந்து நின்ற கொழுந்து இன்று காலையில் தலை தொங்கி நிற்கும், கிள்ளிப் பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளியும். தண்டுத் துளைப்பான். அதைக் கிள்ளி அழித்துவிட்டு அடுத்த செடிக்குப் போக வேண்டும். இரண்டு நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் புழு காய்க்குள் போயிருக்கும், வெளியே குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை மட்டும் தெரியும். மரத்தடியில் புத்தகத்தோடு உட்காரும் நேரம் இதற்கு நடுவில் எங்கே வரும் என்று யோசித்துப் பாருங்கள். விவசாயம் செய்கிறவர்களின் வாழ்க்கை எளிமையானதே இல்லை. வருமானம் குறைவாக இருப்பதால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எளிமையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஊர்ப்பக்கம் போய் நிறைவாக வாழ்ந்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஜே.சி. குமரப்பாவைச் சொல்லலாம். 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துவிட்டுப் பம்பாயில் ஆடிட்டராக நல்ல நிலையில் இருந்தவர், அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் படித்தவர். 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு வாழ்க்கையே மாறி, கிராமத் தொழில்கள், கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், கைக்காகிதம் என்று இறங்கிவிட்டார். கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி ஆசிரமத்தில் கழித்தார். ஆனால் அவர் ஓய்வு தேடிப் போகவில்லை, பம்பாயில் உழைத்ததைவிடக் கிராமத்தில் அதிகமாகத்தான் உழைத்தார். சாமான் குறைந்தது, வேலை குறையவில்லை. நீங்களும் ஊருக்குப் போய்ச் செய்ய ஒரு வேலையை மனதில் வைத்திருந்தால் அது தனிப் பேச்சு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, இங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கிறது.

அடுத்து பணம். ‘பணத்தில் என்ன இருக்கிறது’ என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள், பெரும்பாலும் அப்படிப் பேசுகிறவர்களிடம் அது இருக்கும். 2023இல் டேனியல் கானெமன், மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், பார்பரா மெல்லர்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் சேர்ந்து அமெரிக்கர்களின் தரவை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வருமானம் கூடக் கூட பெரும்பாலோரின் மகிழ்ச்சியும் கூடிக்கொண்டேதான் போகிறது, ஏற்கெனவே மிகவும் வாடியிருக்கிற ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் டாலரைத் தாண்டினால் அப்புறம் பணம் கூடினாலும் மனம் அசைவதில்லை என்பது அதன் சாரம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தச் சிறு பகுதிதான். அடிப்படைக் கவலைகள் தீர்ந்த பிறகும் வாட்டம் போகவில்லை என்றால், அந்த வாட்டத்துக்குக் காரணம் சம்பளத்தில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது. சம்பளத்தைத் தூக்கி எறிவதால் அது தீராது என்பதும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

எங்கே இருக்கிறது என்பதற்கு இன்னொரு பழைய ஆய்வு ஒரு தடயம் தருகிறது. 1978இல் பிரிக்மன் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரி விழுந்த 22 பேரை, லாட்டரி விழாத 22 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். லாட்டரிக்காரர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை. இதைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதே ஆய்வில் இருக்கிற இன்னொரு விஷயத்தை அதிகம் பேர் சொல்வதில்லை. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, ஒரு நகைச்சுவை கேட்பது, பத்திரிகை படிப்பது போன்ற அன்றாடச் சின்ன விஷயங்கள் எவ்வளவு இனிக்கின்றன என்று கேட்டபோது, லாட்டரிக்காரர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகச் சொன்னார்கள். மிகச் சிறிய ஆய்வு, அதை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் போட முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. புத்தகம் வாங்குகிறீர்கள், படிக்கப் பிடிக்கவில்லை. போன விடுமுறைக்கு மலைக்குப் போனீர்கள், இரண்டாம் நாளே அலுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சின்னச் சுவைகள் மரத்துப்போயிருக்கின்றன. எளிமையாக வாழ்வது என்று நான் சொல்வது அந்த நாக்கைத் திரும்பப் பெறுவதற்குத்தான், தியாகம் செய்து காட்டுவதற்கு அல்ல.

சரி, எதைக் குறைப்பது? காபியைக் குறைக்காதீர்கள், வாரத்தில் ஒரு நாள் வெளியே சாப்பிடுவதையும் குறைக்காதீர்கள். அதிலெல்லாம் கை வைத்தால் வீட்டில் சண்டை வரும், மிச்சமும் சில நூறுகளைத் தாண்டாது. மாதா மாதம் உங்களைக் கேட்காமலே கணக்கிலிருந்து போகிற தொகைகளைப் பாருங்கள். கார்க் கடன்தான் முதல் ஆள். ஃபிளாட்டை விற்கத் தயாராக இருக்கிறவர் காரை விற்கலாமே? நிறுவனப் பேருந்து போகிற தடத்தில்தானே இருக்கிறீர்கள். காரை விற்று அந்தக் கடனை அடைத்துவிட்டு, அதே தவணைத் தொகையை வீட்டுக்கடன் அசலில் கட்டிக்கொண்டு வாருங்கள். வட்டி விகிதம் மாறக்கூடிய வீட்டுக்கடனைத் தனிநபர் பெயரில் வாங்கியிருந்தால் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி எப்போதோ சொல்லிவிட்டது. கட்டும்போது ‘தவணைத் தொகையைக் குறைக்காதீர்கள், காலத்தைக் குறையுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள். கடன் முடிகிற வருடம் முன்னால் நகர்ந்து வருவதைக் கணக்கு அறிக்கையில் பார்க்கும்போது கிடைக்கிற நிம்மதி எந்த ஆசிரமத்திலும் கிடைக்காது, இதை வங்கிக்காரனாகவே சொல்கிறேன். மருத்துவக் காப்பீட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

இதையெல்லாம் வீட்டில் பேசிச் செய்யுங்கள். உங்கள் கடிதத்தில் மனைவியின் விருப்பம் என்ன என்று ஒரு வரிகூட இல்லை. ஒருவருடைய எளிமை இன்னொருவருடைய தலையில் சுமையாக விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மிக்ஸியை ஓரங்கட்டிவிட்டு அம்மியில் அரைத்தால் தனி ருசி என்று சொல்கிறவர் எவரும் தானே உட்கார்ந்து அரைத்துப் பார்த்ததில்லை.

வாசிப்புக்கு வருகிறேன். உங்களிடம் புத்தகம் இல்லாதது பிரச்சினையே இல்லை, அதிகமாக இருப்பதுதான் பிரச்சினை. சொந்தப் புத்தகத்தை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், அதனால்தான் அது படிக்கப்படாமலே இருக்கிறது. நூலகத்தில் எடுத்த புத்தகத்துக்குத் திருப்பித் தர வேண்டிய தேதி இருக்கிறது, ஒரு சமயத்தில் ஒன்றிரண்டுதான் கையில் இருக்கும், பிடிக்காவிட்டால் குற்ற உணர்ச்சி இல்லாமல் கொடுத்துவிடலாம். உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்திலிருந்து வருவது அது, சுதந்திர இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் சட்டம். இப்போது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. ஆக, நூலகத்துக்கான பணத்தை நீங்கள் வீடு வாங்கிய நாளிலிருந்து கட்டிக்கொண்டுதான் வருகிறீர்கள், புத்தகத்தை மட்டும் எடுக்கவில்லை.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனவருக்கு அந்த வேலையின் தனிமை தாங்கவில்லை. சில நாளிலேயே பழைய கல்லூரிக்குத் திரும்பி வந்து என்னை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார், லண்டன் போய் நூலகப் பயிற்சி முடித்துவிட்டு வந்து அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் அதைவிட்டு நகரவே இல்லை. 1931இல் அவர் புத்தகமாக வெளியிட்ட நூலக விதிகளில் ஒன்று ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், இன்னொன்று ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். அதே வருடம் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோகும் நூலகம் ஒன்று கிளம்பியது. கப்பி ரோட்டில் மாட்டு வண்டியில் வந்த புத்தகத்துக்காகக் காத்திருந்து படித்திருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நினைத்துக்கொண்டு உங்கள் அலமாரியைப் பாருங்கள்.

சென்னையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா இருக்கிறது, கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, அங்கே சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கத் தனியிடமே உண்டு. ஆனால் நான் உங்கள் பகுதிக் கிளை நூலகத்தைத்தான் சொல்வேன். பெரிய நூலகத்துக்குப் போவது ஒரு பயணமாகிவிடும், பக்கத்தில் இருப்பதற்குத்தான் லுங்கி மாற்றிக்கொண்டு நடந்து போகலாம். மின்விசிறி சத்தம் போடும், நாளிதழுக்கு இரண்டு பெரியவர்கள் வரிசையில் இருப்பார்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மூலைமேசையைப் பிடித்திருப்பார்கள். பல கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள். செல்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முதல் வாரம் நாலு பக்கத்துக்குமேல் கண் ஓடாது, கை சட்டைப்பையைத் தேடும். அது புத்தகத்தின் குற்றம் இல்லை, தொடர்ந்து போனால் சரியாகிவிடும். ‘மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி’ வகைப் புத்தகங்களைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். பாதியில் பிடிக்காமல் போனால் மூடிவிடுங்கள், முடித்தே தீர வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பழக்கம்.

பச்சைக்கும் இதே கதைதான். நீங்கள் தினமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறீர்கள். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் அது. ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, காற்று அடித்தால் மூக்கைப் பொத்த வேண்டும், பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள். அழகான இடம் என்று யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள். ஆனால் ஞாயிறு காலையில் வெயில் ஏறுவதற்குள் ஓரமாக நின்று பாருங்கள். நீலத் தாழைக்கோழி கோரைத் தண்டைக் காலால் பிடித்து, கையில் கரும்பை வைத்துக் கடிப்பதுபோல வாய்க்குக் கொண்டுபோய்க் குருத்தைத் தின்னும். நத்தை குத்தி நாரையைப் பாருங்கள், அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும், பென்சில் நுழைகிற அளவுக்கு. தண்ணீருக்குள் அலகைவிட்டுத் துழாவிக்கொண்டே நடக்கும், நத்தை கிடைத்ததும் ஒரு நிமிடம் தலை மட்டும் ஆடும், அப்புறம் ஓடு இல்லாமல் சதை மட்டும் மேலே வரும். உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருக்கும். அந்த ஆசை வந்துவிட்டால் நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுப்பது என்ற கேள்வியும் தானாகத் தீர்ந்துவிடும்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள், இடம் மாற்றாதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறும், குளிர்காலத்தில் வடக்கேயிருந்து ஊசிவால் வாத்துகள் இறங்கும், தை மாசியில் தண்ணீர் வற்ற ஆரம்பித்தால் பூநாரைகள் வரலாம், சித்திரையில் சேறு வெடித்துக் கிடக்கும். ஒரு வருடம் முழுக்க ஒரு இடத்தைப் பார்த்தவருக்குத்தான் அடுத்த வருடம் எதிர்பார்க்க ஏதாவது இருக்கும். எவ்வளவு நேரம் என்று கணக்குக் கேட்பீர்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரை வைத்து 2019இல் வந்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடத்தில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னது மற்றவர்களைவிட அதிகம். ஒரே மூச்சிலா, பிரித்துப் பிரித்தா என்பதில் வேறுபாடு தெரியவில்லை. நன்றாக இருக்கிறவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகத்துக்கு அதில் முழுப் பதில் இல்லை, இருந்தாலும் இரண்டு மணி நேரம் ஒன்றும் பெரிய விலை இல்லை.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பறவை பார்க்க ஆரம்பித்தவர்கள் ஆறு மாதத்தில் லென்ஸ் விலை விசாரிப்பார்கள், அப்புறம் எத்தனை இனம் பார்த்தாய் என்ற போட்டி, அப்புறம் அதற்காகவே விமானப் பயணம். மறுபடி தவணை. மா. கிருஷ்ணனைத் தெரிந்துகொள்ளுங்கள். நாவலாசிரியர் மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். இன்றைய கர்நாடகத்தில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் பார்த்த வேலை போனபின் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் புகைப்படத்தையும் மட்டும் நம்பிப் பிழைத்தார். 1950இலிருந்து 1996இல் இறக்கும் வரை ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காகத்தையும் அணிலையும் பற்றி எழுதினார், வீட்டு முற்றத்தில் நின்று பார்த்ததை வைத்து. பல கேமராக்களின் உதிரிகளைச் சேர்த்து அவரே பூட்டிக்கொண்ட ஒரு கேமராதான் அவரிடம் இருந்தது, அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயர் வேறு வைத்திருந்தார். உங்களுக்கு இரண்டு கண்ணும், வேண்டுமானால் ஒரு சாதாரண பைனாகுலரும் போதும்.

ஊர்ப்பக்கம் ஒரு நாள் போய் வர வேண்டும் என்று தோன்றினால் வேடந்தாங்கலுக்குப் போங்கள், டிசம்பர் ஜனவரியில். ஏறத்தாழ 30 ஹெக்டேர் ஏரி. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து, சுட வந்தவர்களைத் தடுத்து, தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்க்காரர்கள் காப்பாற்றி வைத்த இடம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கி வைத்திருந்தார்களாம்.

இன்னொன்று கேட்க வேண்டும். தூக்கம் எப்படி இருக்கிறது? எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பதோடு, தூக்கம் கெட்டு, பசி குறைந்து, காலையில் எழுந்திருக்கவே பாரமாக இருந்தால் அதற்கு ஏரியும் நூலகமும் மருந்து ஆகாது. மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், அரசு சேவை, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். வேலையை விடுவது, வீட்டை விற்பது மாதிரி முடிவுகளை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு நிலம் வேண்டும் என்றுதான் தோன்றுகிறதா, சரி. வாங்காதீர்கள், முதலில் திருவண்ணாமலைப் பக்கம் எங்காவது ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து சித்திரை வைகாசியில் குடும்பத்தோடு இருந்து பாருங்கள். மார்கழியில் எல்லா ஊரும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்தால் சம்பளமும் நிற்காது. அப்புறமும் ஆசை இருந்தால் பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் பார்க்க வேண்டியது கிணற்றை. போன மே மாதம் எத்தனை அடியில் தண்ணீர் நின்றது என்று விற்கிறவரிடம் கேளுங்கள், அதே கேள்வியை அவர் பக்கத்தில் இல்லாதபோது அடுத்த தோட்டக்காரரிடமும் கேளுங்கள்.